இருபது வருடம் வறட்டி எழுதியவள்

மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை. தலையில் ஒரு முழம் மல்லிகை. முழங்கை வரை எருமைச் சாணி. இந்தக் கோலத்தில் என்னைக் கொண்டுவந்து உட்காரவைத்தது வேறு யாருமில்லை, என் வாய்தான்.

நஜஃப்கட் தாண்டி ஒரு கிராமம். அதுவும் டெல்லிதான், ஆனால் நான் சத்தியம் செய்தால்தான் நம்புவீர்கள். குளிர் விலகத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையச் சாணி. அதற்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தவர் பிம்லா தேவி. அவருடைய மகன் விகாஸைத்தான் என் மகள் நித்யா கட்டிக்கொள்வதாக இருந்தாள்.

"இருந்தாள்" என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த அம்மாள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. தன் அம்மா வாயால் சரி சொல்லாமல் கல்யாணம் இல்லை என்று விகாஸ் முதலிலேயே சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை. அந்த நேரத்தில் இவ்வளவு நல்ல பிள்ளையாக இல்லாமலிருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஷுரு கீஜியே, பெஹன்ஜி" என்றார் பிம்லா. ஆரம்பியுங்கள் சகோதரி என்கிறார்.

ஆரம்பிக்கிறேன். ஆனால் நான் இங்கே வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கை அதுவரை தொட்டியிலேயே இருக்கட்டும்.

அங்கீட்டி காலம்

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ஊர் மாயவரம் பக்கம். எனக்கு ஊர் என்பது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ரயிலில் இரண்டு ராத்திரி போய், இருபது நாள் இருந்துவிட்டுத் திரும்பும் இடம். அந்த இருபது நாளை வைத்துக்கொண்டு அறுபது வருடம் பீற்றிக்கொள்வது டெல்லித் தமிழர்களின் பிறப்புரிமை. நானும் விட்டுவைக்கவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸில் கேஸ் வருவதற்கு முன்னால் அங்கீட்டிதான். பழைய இரும்பு வாளிக்கு உள்ளே களிமண் பூசியது போன்ற அடுப்பு. அடியில் சிராய், நாலு வறட்டித் துண்டு, மேலே நிலக்கரி. பற்றவைத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். புகை அடங்கிய பிறகுதான் உள்ளே வரும். குளிர்காலக் காலையில் எங்கள் வரிசையில் இருபது வாசலிலும் இருபது அங்கீட்டி புகையும். பள்ளிக்கூட பஸ் பிடிக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடுவோம். (வறட்டியா, எருவாட்டியா, ராட்டியா என்று தயவுசெய்து கடிதம் எழுதாதீர்கள். உங்கள் ஊரில் என்னவோ அதுவே இங்கேயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதற்கு உப்லா.)

கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கு. அதன் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைப்பது என் வேலை. ஒரு தடவை சூடாக இருக்கும்போதே தண்ணீரில் முக்கினேன். அது பட்டென்று ஒரு சத்தம் போட்டது, பிறகு அம்மா என் முதுகில் ஒரு சத்தம் போட்டாள். வீட்டு வெளிச்சத்துக்கு நான் செய்த தொண்டு அத்துடன் முடிந்தது.

கரி மூட்டையின் அடியில் தூள் தங்கிவிடும். அம்மா அதை வீணாக்க மாட்டாள். களிமண்ணும் சாணியும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, மொட்டைமாடியில் காயவைப்பாள். மேல்வீட்டு மாமி தூங்கும் நேரமாகப் பார்த்துத்தான் செய்வாள். முடிந்ததும் எலுமிச்சை மூடியால் உள்ளங்கையைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு முகர்ந்து பார்ப்பாள். நான் தண்ணீர்த் தொட்டி நிழலில் மூக்கைப் பொத்திக்கொண்டு கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன்.

ஊருக்குப் போனாலும் இதே கதைதான். கொல்லைச் சுவரில் பெண்கள் வறட்டி அறைவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து விரலும் பதிந்து சுவர் முழுக்கக் கைகளாக இருக்கும். டெல்லிக் குழந்தைக்குக் கையில் சிரங்கு வரும் என்று என்னைக் கிட்டேயே விடவில்லை. அத்தை பையன் ஒருத்தன் ஆமணக்கு முத்தை ஓடு உரித்து ஈர்க்குச்சியில் வரிசையாகக் கோத்துக் கொளுத்திக் காட்டினான். ஒவ்வொரு முத்தாக எரிந்து கீழே இறங்கியது. நான் பார்த்தது ஒரே ஒரு குச்சி. சொன்னது ஐந்நூறு தடவையாவது இருக்கும்.

கோப்பில் சாணி நாறாது

பிறகு எனக்கு மத்திய அரசாங்கத்தில் வேலை கிடைத்தது. விதியைப் பாருங்கள், கிராமப்புற எரிபொருள் சம்பந்தமான பிரிவில் போட்டார்கள். இருபது வருடம் அதே நாற்காலி. சாண எரிவாயு, புகையில்லா அடுப்பு, வறட்டி, விறகு, சுள்ளி என்று என் மேஜைக்கு வராத கோப்பு கிடையாது.

ஒரு வறட்டிக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம், உமி எவ்வளவு சேர்க்கலாம், எத்தனை நாள் காயவேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். படம் வரைந்து இணைப்பாகவும் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் எனக்குக் "கோபர் மேடம்" என்று பெயர். சாணி மேடம். கௌரவப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் சுந்தரம் மட்டும் மதிக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார். அவர் ரயில்வே கணக்குப் பிரிவு. ஓய்வு பெறும்வரை ரயிலுக்குத் தாமதமாகப் போனவர். அவருக்குச் சொல்ல என்ன யோக்கியதை என்று விட்டுவிட்டேன்.

தோசைக்கு நடுவே

நித்யாவும் விகாஸும் குர்கானில் ஒரே அலுவலகத்தில் ஆடிட் வேலை. விஷயம் வீட்டுக்கு வந்ததும் நித்யா எனக்கு ஒரு தகவல் சொன்னாள். விகாஸின் அம்மாவுக்கு ஒரு தயக்கமாம். நாங்கள் பெரிய ஆபீசர் குடும்பமாம், கிராமத்துக்காரர்களோடு ஒட்டுவோமா என்று யோசிக்கிறாராம்.

இவ்வளவுதானே என்று நினைத்தேன். நாங்களும் மண்ணில் புரண்டவர்கள்தான் என்று காட்டிவிட்டால் போகிறது.

இரண்டு குடும்பமும் முதலில் சந்தித்தது சாணக்யபுரியில், ஒரு விருந்தினர் மாளிகைக் கேன்டீனில். பிம்லா கிளிப்பச்சையில் புதுச் சல்வார் சூட் போட்டு வந்திருந்தார். தோசை வருவதற்குள் நான் பேச்சை எடுத்துவிட்டேன். உங்கள் வீட்டில் உப்லா எதைச் சேர்த்துத் தட்டுவீர்கள், வைக்கோல் தூளா உமியா என்று கேட்டேன். எங்கள் ஊரில் நாங்கள் சுவரில் அறைவோம் என்றேன். ஆமணக்கு முத்து விளக்கைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதில் நானே தினம் ஒரு கூடை வறட்டி தட்டுவேன் என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டேன். அதை எந்த வாய் சொன்னது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சுந்தரம் சாம்பாரிலிருந்து தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்தார். நித்யா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஃபில்டர் காபி வரும்வரை நிறுத்தவில்லை.

பிம்லா அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "அச்சா. அடுத்த ஞாயிறு நம்ம வீட்டுக்கு வாங்க. ஹோலித் தீயில போட உப்லா தட்டணும். ரெண்டு பேரும் சேர்ந்து தட்டுவோம்" என்றார்.

காரில் நான் வெற்றி வீராங்கனையாக உட்கார்ந்திருந்தேன். நித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அம்மா, அவங்க சிரிக்கவே இல்லை, நீ கவனிச்சியா" என்றாள். நான் கவனிக்கவில்லை.

ஒரு வாரப் பயிற்சி

திங்கட்கிழமை காலையில்தான் ஆழம் தெரியாமல் காலை விட்டது உறைத்தது. எனக்கு வறட்டி தட்டத் தெரியாது.

மாதிரிக்கு ஒன்று பார்க்கலாம் என்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமாக அப்பளமும் காபித்தூளும் வாங்கும் கடை. ஹோமத்துக்கா என்று கேட்டார் கடைக்காரர். இல்லை, பெண்ணின் கல்யாண விஷயமாக என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி, பிஸ்கட் அளவில் இரண்டு வட்டம் கொடுத்தார். அதைப் பார்த்து அளவு படித்தால் விளங்கினாற்போலத்தான் என்று எனக்கே புரிந்தது.

அடுத்தது மூலப்பொருள். எங்கள் துவாரகா குடியிருப்பின் வாசலுக்குத் தினமும் காலையில் ஒரு பசு வரும். பெண்கள் அதற்குச் சப்பாத்தி கொடுப்பார்கள். வியாழக்கிழமை நானும் ஒரு சப்பாத்தியோடு போனேன். சுந்தரம் பின்னால் வாளியோடு. பசு சப்பாத்தியைத் தின்றது. பக்கத்து வீட்டுச் சப்பாத்தியையும் தின்றது. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. முக்கால் மணி நேரம் அதன் பின்னாலேயே நடந்தோம். ஒருமுறை வாலைத் தூக்கியது. சுந்தரம் பாய்ந்து வாளியை நீட்டினார். வந்தது கோமியம்.

காவல்காரர் வந்து பூஜையா சார் என்று விசாரித்தார். எக்ஸாம்ப்பா, மேடத்துக்கு எக்ஸாம் என்றார் சுந்தரம். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் பசு மனமிரங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கோப்பில் எழுதியிருந்தபடியே உமி சேர்த்துப் பிசைந்து, பால்கனியின் வெளிச்சுவரில் ஓங்கி அறைந்தேன். ஒட்டியது. இரண்டு விநாடி. பிறகு மெதுவாக வழுக்கி, இரண்டாம் மாடிக்காரர்கள் வெயிலில் போட்டிருந்த ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைமேல் போய்ச் சப்பென்று விழுந்தது. சுந்தரம் கீழே போய்ப் புறா என்று சொல்லியிருக்கிறார். இவ்வளவு பெரிய புறாவா என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறாள். அந்த ரஜாய் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவர்களுக்குப் புதிது வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் பசு வரவில்லை. அதற்கும் செய்தி போயிருக்கும்.

ரோஜா நிறச் சுவர்

சரி, முற்றத்துக்குத் திரும்புவோம். கை ஊறியிருக்கும்.

வழியில் வயலோரம் வறட்டிகளை அடுக்கி, மேலே சாணி மெழுகி, கூரை வேய்ந்த அம்பாரங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தோம். மெழுகிய பக்கங்களில் கோடும் பூவும் கீறியிருந்தார்கள். அதனால் பிம்லா வீடும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். போனால் பளிங்குத் தரை, இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். சுவருக்கெல்லாம் புது ரோஜா நிறப் பெயின்ட். வாசனைகூடப் போகவில்லை. ஆண்கள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நித்யா சமையலறை வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிம்லா ஒரு கை சாணியை எடுத்தார், உருட்டினார், தரையில் வைத்து நாலு தட்டுத் தட்டினார். அப்பளம் மாதிரி வட்டமாக விழுந்தது. நான் ஒன்று உருட்டுவதற்குள் அவர் எட்டு தட்டிவிட்டார்.

என்னுடையது விரலிடுக்கு வழியாகப் பிதுங்கியது. ஒன்று தட்டையாகவே ஆகவில்லை, இன்னொன்று என் புடவையிலேயே ஒட்டிக்கொண்டது. மானம் போகும்போது மூளையும் கூடவே போய்விடுகிறது. "எங்க ஊர் வழக்கம் வேற, நாங்க சுவர்லதான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, ஒரு பெரிய உருண்டையை அந்த ரோஜா நிறச் சுவரில் அறைந்தேன். அடுத்து இன்னொன்று. அதற்கடுத்து மூன்றாவது.

மூன்றும் வழிந்து இறங்கின. நித்யா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிம்லா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெஹன்ஜி, சச் போலியே, உண்மையைச் சொல்லுங்க. இதுக்கு முன்னால நீங்க சாணி தொட்டிருக்கீங்களா?"

"தொட்டிருக்கேன்" என்றேன். "வியாழக்கிழமை."

அந்த அம்மாள் சிரித்தார் பாருங்கள், கயிற்றுக்கட்டிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். பசுவை, வாளியை, ரஜாயை எல்லாம் சொன்னேன். கைக்குட்டை எடுக்கக் கை சுத்தமாக இல்லாமல் இரண்டு பேரும் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

சிரிப்பு நின்ற பிறகுதான் அவர் பேசினார். கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து முப்பத்தொரு வருடம் தினமும் இந்த வேலையாம். ஏழு எருமை. பனிக்காலத்தில் சாணி ஜில்லிட்டு, உள்ளங்கை வெடித்துவிடுமாம். அந்தக் கையால் உப்புப் போட்டு மாவு பிசைந்தால் உயிர் போகுமாம். தங்கை கல்யாணத்தில் கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்திருந்தாராம். கேஸ் வந்த அன்றைக்கு இனி இந்தக் கை சாணியில் படாது என்று முடிவெடுத்தவர், ஹோலிக்குக்கூடப் பக்கத்து வீட்டிலிருந்துதான் வாங்கிக்கொள்வாராம்.

"இன்னைக்கு உங்களுக்காகத்தான் கை வச்சேன். அன்னைக்குப் புது சூட் தச்சுப் போட்டுட்டு வந்தேன். உங்க பொண்ணு என்ன வேலை பார்க்குது, ஆடிட்னா என்னன்னு விகாஸ்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்தேன். நீங்க ஒரு மணி நேரம் என்கிட்டச் சாணியைப் பத்தியே பேசினீங்க. என்னைப் பார்த்தா உங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்துதா?"

எனக்குச் சுருக்கென்றது. மொட்டைமாடியில் உள்ளங்கையை முகர்ந்து பார்க்கும் என் அம்மாவை இத்தனை வருடமாக எந்த அலமாரியில் பூட்டிவைத்திருந்தேன் என்று தெரியவில்லை. நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அவள் மறைக்கப் பார்த்தது. வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தையில்லை.

அதனால் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். இருபது வருடம் உங்கள் அடுப்பைப் பற்றி எழுதித்தான் சம்பளம் வாங்கினேன், சாணியைத் தொட்டதில்லை என்றேன்.

"என்ன எழுதினீங்க?"

நல்ல ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதுவேன். புதுக் கோப்பு திறக்கும்போதெல்லாம் பழையதிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவேன். கிராமப் பெண்கள் பழைய அடுப்பைவிட்டு மாறத் தயங்குகிறார்கள் என்று. அதை அவருக்கு ஹிந்தியில் சொன்னேன்.

பிம்லா விரலில் ஒட்டியிருந்த சாணியைத் தொட்டி விளிம்பில் வழித்துப் போட்டார்.

"என்னை யார் கேட்டா?" என்றார்.

கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றேன்.

ஒரே ஒரு நிபந்தனை

பம்படியில் இருவரும் கை கழுவினோம். என் கை நாற்றம் போகவில்லை என்று அவரே கடுகெண்ணெய் ஊற்றி, என் விரல் ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் ஆள் நாளைக்கு வருவான், அதனால் பரவாயில்லை என்றார். பிறகு, "சமதன், ஒரு விஷயம்" என்றார்.

சமதன் என்றால் சம்பந்தியம்மா. என் விரல் அவர் கையில் இருந்தது. எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்று நித்யாவைப் பார்த்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு அவருடைய அக்கா தங்கைகள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் முன்னால் நான் சாணி, உப்லா, அடுப்பு, ஆமணக்கு எதைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. என் மருமகள் ஆடிட்டர், சம்பந்தியம்மா மத்திய அரசாங்க அதிகாரி, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியவேண்டும் என்றார். சம்மதித்தேன். திரும்பி வரும் வழியில் சுந்தரம், இவள் எங்கே வாயை மூடப்போகிறாள், கல்யாணம் நடந்தமாதிரிதான் என்று நித்யாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கோடை வெயில் ஏறுவதற்குள் கல்யாணம் நடந்தது. காலையில் எங்கள் முறைப்படி தாலி, சாயங்காலம் அவர்கள் முறைப்படி ஏழு வலம். டோல் மேளச் சத்தத்தில் சுந்தரம் தோளைக் குலுக்கி ஆடினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு நானும் ஆடினேன்.

சாப்பாட்டுப் பந்தலில் பிம்லாவின் மூத்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, மதராஸ் பக்கம் சாப்பாடு எப்படி, மழை எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, ஆசையோடு என் முகத்துக்கு நேரே குனிந்து, உங்கள் ஊரில் அந்தக் காலத்திலிருந்து அடுப்பு எதில் எரிப்பீர்கள், விறகா, உப்லாவா, உமியா என்று கேட்டார்.

சுந்தரம் ஜிலேபியை வாய்க்கு எதிரே நிறுத்திவிட்டார். எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த பிம்லா கரண்டியோடு அப்படியே நின்றார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபது வருடம், ஐந்நூறு கோப்பு, ஈரம், உமி, இணைப்புப் படம் எல்லாம் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது.

"கேஸ்" என்றேன்.